விளக்கெண்ணெயும் பால்ரஸும்: ஸ்டோக்ஸ் விதி எங்கே சறுக்குகிறது?

கண்ணாடிக்குழாய்:

கல்லூரி ஆய்வகத்தில் எல்லோரும் செய்யும் சோதனைதான். 5 செ.மீ. உள்விட்டமுள்ள உயரமான கண்ணாடி உருளை, அது நிறைய விளக்கெண்ணெய், சைக்கிள் கடையில் கிடைக்கும் கால் அங்குல பால்ரஸ் குண்டு. எண்ணெயின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். நடுப்பகுதியில் 20 செ.மீ. தூரத்தைக் குண்டு 0.9 நொடியில் கடக்கிறது. திரவத்தில் இறங்கும் குண்டின் மீதான இழுவையைச் சொல்லும் ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் போட்டால் பாகுநிலை (திரவத்தின் உள் உராய்வு) 0.68 பாஸ்கல் நொடி வருகிறது. அட்டவணையில் 30 டிகிரிக்கு 0.45 என்று இருக்கிறது. பாதிக்குப் பாதி கூடுதல். எண்ணெய் கலப்படமா, ஸ்டாப் வாட்ச் தவறா, சமன்பாடே தவறா?

கூடவே இன்னொரு கேள்வி. ஸ்டோக்ஸ் இப்படிக் குண்டு போட்டுப் பார்த்துத்தான் விதியைக் கண்டுபிடித்தாரா? பாடநூல்களில் அவர் பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம்.

வரிச்சீர்:

எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். குண்டுதான் பெரிது.

உங்கள் வேகம் நொடிக்கு 22 செ.மீ. எண்ணெயின் அடர்த்தி 960, குண்டின் விட்டம் 6.35 மி.மீ., பாகுநிலை 0.45 என்று வைத்து ரெனால்டு எண்ணைப் போட்டால் (அடர்த்தி × வேகம் × விட்டம் ÷ பாகுநிலை; ஓட்டத்தில் உராய்வோடு ஒப்பிட நிலைமம் எவ்வளவு என்று காட்டுவது) ஏறக்குறைய 3 வரும். ஸ்டோக்ஸின் சமன்பாடு திரவத்தின் நிலைமத்தை அடியோடு புறக்கணித்துப் பெற்றது. ரெனால்டு எண் 0.1-க்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். 3-இல் உண்மையான இழுவை, ஸ்டோக்ஸ் சொல்வதைவிட 30 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். சமன்பாட்டுக்கு இது தெரியாது. இழுவை கூடியிருக்கிறதென்றால் பாகுநிலைதான் கூடியிருக்கிறது என்று கணக்கு சொல்லிவிடும்.

மீதிப் பிழை சுவரிலிருந்து. குண்டு இறங்கும்போது அது விலக்கும் எண்ணெய் சுவருக்கும் குண்டுக்கும் நடுவே மேலே ஏற வேண்டும். ஸ்டோக்ஸின் கணக்கில் சுவரே கிடையாது, திரவம் எல்லையில்லாமல் பரந்து கிடக்கிறது.

இதே உருளையில் 2 மி.மீ. எஃகுக் குண்டைப் போடுங்கள். சமன்பாட்டின்படி வேகம் நொடிக்கு 3.3 செ.மீ., ரெனால்டு எண் 0.14. நிலைமத் திருத்தம் இரண்டரை சதவீதம்தான். சுவர்த் திருத்தம் 9 சதவீதம். 20 செ.மீ. கடக்க 6.7 நொடி பிடிக்கும். கட்டைவிரல் 0.1 நொடி பிந்தினாலும் அது ஒன்றரை சதவீதம்தான். உங்கள் 0.9 நொடிக்கு அதே 0.1 நொடி 11 சதவீதம்!

கண்ணாடிக்குழாய்:

சைக்கிள் கடையில் அரைக்கால் அங்குலம் (3.175 மி.மீ.) கிடைக்கிறது. அது போதாதா?

வரிச்சீர்:

கால் அங்குலத்தைவிடத் தேவலை. ஆனால் ரெனால்டு எண் அரைக்கு மேல் போகும், சுவர்த் திருத்தமும் 15 சதவீதம். இரண்டையும் திருத்தினால் ஒப்பேறும். திருத்தாமல் விட்டால் 0.55-க்கு அருகில் வரும், அப்போதும் எண்ணெயைத்தான் திட்டுவீர்கள்.

ஊசல்குண்டு:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இல்லை, அவர் குண்டு போட்டுப் பார்க்கவில்லை. அந்தச் சமன்பாடு ஊசலிலிருந்து வந்தது.

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1819 ஆகஸ்ட் 13 அன்று அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் ஸ்க்ரீன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை அங்கே திருச்சபைப் போதகர். 1837-இல் கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்து, 1841-இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1849-இல் கேம்பிரிட்ஜின் லூக்காசியக் கணிதப் பேராசிரியர், நியூட்டன் வகித்த அதே பதவி. 1903-இல் சாகும்வரை 54 ஆண்டுகள் அதில் இருந்தார்.

ஊசல் அவர் கைக்கு வந்தது எப்படி? அக்காலத்தில் புவியீர்ப்பை அளக்கவும், அதிலிருந்து பூமியின் வடிவத்தைக் கணிக்கவும் ஊசல்தான் கருவி. பிரிட்டனில் 1824-ஆம் ஆண்டின் அளவைச் சட்டம், கெஜத்தின் மூலப் படி அழிந்துபோனால் நொடி ஊசலின் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி பிடிக்கும் ஊசல்) நீளத்திலிருந்து அதை மீட்கலாம் என்றே எழுதி வைத்தது. ஆகவே காற்று ஊசலை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பது அரசாங்கக் கவலை. காற்றின் மிதப்பு விசையைக் கழித்தால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். ஊசல் தன்னோடு கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது, அந்த நிறையையும் சேர்க்க வேண்டும் என்று 1820களின் இறுதியில் ஜெர்மன் வானியலாளர் பெசல் காட்டினார். கோளத்துக்கு அது இடம்பெயர்ந்த காற்றின் நிறையில் பாதி என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்ஸான் கணக்கிட்டார். அதாவது மிதப்புத் திருத்தத்தை 1.5 ஆல் பெருக்க வேண்டும்.

ஆங்கிலேய வானியலாளர் பிரான்சிஸ் பெய்லி 1832-இல் வெளியிட்ட அளவுகள் இதற்கு ஒத்துவரவில்லை. ஒன்றரை அங்குலக் குண்டுக்கு 1.86, இரண்டு அங்குலக் குண்டுக்கு 1.75. குண்டு சிறுக்கச் சிறுக்க எண் பெருக்கிறது. பாகுநிலை இல்லாத திரவக் கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை, அங்கே எல்லாக் கோளங்களுக்கும் ஒரே 1.5 தான். காற்றின் உட்புற உராய்வைச் சேர்த்து ஆடும் கோளத்தின் கணக்கைத் தீர்த்தவர் ஸ்டோக்ஸ். 1850 டிசம்பரில் வாசித்த கட்டுரை, 1851 என்றே வழங்குகிறது. கூடுதல் நிறை அந்தப் பாதியோடு நிற்காது. அதன்மேல் இன்னொரு பகுதி சேரும்: காற்று குண்டோடு ஒட்டி அசையும் படலத்தின் தடிமனைக் குண்டின் ஆரத்தால் வகுத்து, நாலில் ஒன்பதால் (2.25) பெருக்க வேண்டும். நொடி ஊசலுக்குக் காற்றில் அந்தப் படலம் சுமார் 3 மி.மீ. குண்டு சிறிதானால் 3 மி.மீ. பெரிய பங்காகிவிடுகிறது. பெய்லியின் எண்கள் ஏன் ஏறின என்பது விளங்கிவிட்டது.

இதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்பது வருகிறது. ஆட்டத்தின் காலத்தை முடிவிலியாக்கினால் ஊசல், ஒரே திசையில் சீராகச் செல்லும் கோளமாகிறது. அப்போது கிடைக்கும் இழுவை: 6 × பை × பாகுநிலை × ஆரம் × வேகம். மூன்றில் இரண்டு பங்கு மேற்பரப்பு உராய்விலிருந்து, ஒரு பங்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து. ஊசல் கட்டுரையின் ஒரு மூலை, இன்று அவர் பெயருக்கு முகவரி.

மேகத்துளி:

அந்த மூலையை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேகம் ஏன் விழுவதில்லை என்பதற்கு. 10 மைக்ரான் ஆரமுள்ள துளி காற்றில் நொடிக்கு 1.2 செ.மீ. வேகத்தில்தான் இறங்கும். லேசான மேல்நோக்கிய காற்று போதும், துளி நின்றுவிடும். ரெனால்டு எண் 0.02-ஐத் தொடாது. விதி இங்கே சொக்கத்தங்கம்.

அதே சமன்பாட்டை 1 மி.மீ. ஆரமுள்ள மழைத்துளிக்குப் போட்டால் நொடிக்கு 120 மீட்டர் வரும். உண்மையில் 6.5 மீட்டர். தேர்வுத்தாளில் மழைத்துளிக்கு ஸ்டோக்ஸ் விதியைப் போடச் சொல்லும் கணக்குகளை இன்னும் பார்க்க முடிகிறது, கொடுமை.

நாவியர்பக்கம்:

ஸ்டோக்ஸை இவ்வளவு தூக்கிப் பிடிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பாகுநிலையோடு கூடிய இயக்கச் சமன்பாடுகளை (இன்று நாவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் என்பவை) பிரெஞ்சுப் பொறியாளர் நாவியர் 1822-லேயே பாரிஸ் அறிவியல் கழகத்தில் வைத்துவிட்டார். பாய்ஸான் 1829, சாங் வெனாங் 1843. ஸ்டோக்ஸ் வந்தது 1845. நான்காவதாக வந்தவர் பெயர் எப்படிச் சமன்பாட்டில் ஒட்டியது?

ஊசல்குண்டு:

நியாயமான கேள்வி. நாவியர் மூலக்கூறுகளுக்கு இடையே விசைகளைக் கற்பனை செய்து, கூட்டிப் பார்த்து அந்த உறுப்பைப் பெற்றார். சமன்பாடு சரி, ஆனால் அதில் வரும் மாறிலி எதைக் குறிக்கிறது என்பது தெளிவில்லை. ஸ்டோக்ஸ் மூலக்கூறுகளைத் தொடவில்லை. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள இயக்கத்தை நகர்வு, சுழற்சி, உருமாற்றம் என்று பிரித்தார். நகர்வதாலும் சுழல்வதாலும் உராய்வு வராது, உருமாறும் வேகத்தால் மட்டுமே வரும், அதுவும் அதற்கு நேர்விகிதத்தில் என்று எடுத்துக்கொண்டார். இன்றைக்கு வகுப்பில் நடத்துவது இந்த வழிதான். சாங் வெனாங்கும் இதற்கு மிக அருகில் வந்திருந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பெயர் விட்டுப்போனதுதான் அநியாயம், ஸ்டோக்ஸ் பெயர் சேர்ந்தது அல்ல.

குழாய்க்கணக்கு:

ஸ்டோக்ஸின் 1845 கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம், அவர் கோட்டைவிட்ட இடம்.

வட்டக் குழாயில் சீரான ஓட்டத்தைத் தீர்த்துவிட்டார். நடுவில் வேகம் மிகுதி, சுவரில் பூஜ்யம், பரவளைய வடிவம். பிறகு பொசூ, தியு புவா ஆகியோரின் குழாய், வாய்க்கால் அளவுகளோடு ஒப்பிட்டார். கொஞ்சமும் பொருந்தவில்லை. அதோடு விட்டுவிட்டார். அதே காலத்தில் ஹாகன் 1839-இலும் பாய்ஸேய் 1840களின் தொடக்கத்திலும் நுண்குழாய்களில் அளந்து வெளியிட்டது இதே விதியைத்தான். ஸ்டோக்ஸ் ஒப்பிட்ட அளவுகள் அகலக் குழாய்களுடையவை, அங்கே ஓட்டம் கொந்தளிப்பானது.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 25 மி.மீ. குழாயில் நீர் நொடிக்கு 1 மீட்டர் போகிறது. ரெனால்டு எண் 25,000. பரவளைய விதிப்படி மீட்டருக்கு 51 பாஸ்கல் அழுத்தம் இழக்க வேண்டும். வழவழப்பான குழாயிலேயே உண்மையில் 500 பாஸ்கல் போகும். பத்து மடங்கு. யாராக இருந்தாலும் கோட்பாட்டைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். இரண்டு வகை ஓட்டங்கள் உண்டு, எங்கே மாறுகிறது என்பதை ரெனால்ட்ஸ் சாயம் விட்டுக் காட்டியது 1883-இல்.

நாவியர்பக்கம்:

அது நேர்மை என்கிறீர்களா, தயக்கம் என்கிறீர்களா? சுவரில் திரவம் வழுக்குமா ஒட்டுமா என்பதிலேயே 1845-இல் அவர் இரண்டு மனதாகத்தான் இருந்தார். ஒட்டாது என்று வைத்தால் கணக்கு வேறு. நுண்குழாய் அளவுகளைத் தேடிப் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

குழாய்க்கணக்கு:

தயக்கம்தான். ஆனால் தயங்கியது பயனுள்ள தயக்கம். 1851-இல் ஊசல் அளவுகள் ஒட்டும் நிலையோடு பொருந்தியபோது அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டார்.

ஊசல்குண்டு:

அந்த ஊசல் அளவுகளே அவரை இன்னொரு பக்கம் ஏமாற்றின. அதையும் சொல்ல வேண்டும்.

காற்றின் பாகுநிலைக்கு ஸ்டோக்ஸ் பெற்ற மதிப்பு, உண்மையில் சுமார் 60 சதவீதம்தான். ஏன்? பெய்லி ஊசலைக் காற்றிலும், காற்றை இறைத்த பெட்டியிலும் ஆட்டி, வேறுபாட்டை எடுத்தார். அந்தக் கால ‘வெற்றிடம்’ முழு வெற்றிடமல்ல, பாதரசம் ஓர் அங்குலம் நிற்கும் அளவுக்குக் காற்று மிச்சமிருக்கும், இயல்பான அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்கு. பாகுநிலை அடர்த்திக்கு நேர்விகிதம் என்று ஸ்டோக்ஸ் எடுத்துக்கொண்டார். அப்படியானால் மிச்சக் காற்றின் உராய்வு விளைவும் முப்பதில் ஒன்றுதான், கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாயுவின் பாகுநிலை அழுத்தத்தைச் சார்ந்ததே அல்ல. மேக்ஸ்வெல் 1860-இல் கோட்பாட்டில் சொல்லி, 1866-இல் வட்டத் தட்டுகளை ஆட்டி அளந்து காட்டினார். அடர்த்தி முப்பதில் ஒன்றானால் ஊசலின் கூடுதல் நிறையில் உராய்வுப் பங்கு குறைவது 30-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஐந்தரையில் ஒன்றாகத்தான். ‘வெற்றிடத்திலும்’ நல்ல உராய்வு இருந்திருக்கிறது. அதைப் பூஜ்யமாக எடுத்துக் கழித்தால் விடை சிறுக்காமல் என்ன செய்யும்?

குழாயில் கணக்கு சரி, ஒப்பிட்ட அளவு வேறு வகை. ஊசலில் அளவு சரி, இடையில் வைத்த அனுமானம் தவறு.

மேகத்துளி:

ரெனால்டு எண் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடர்த்தி, வேகம், நீளம், பாகுநிலை எந்தச் சேர்க்கையில் வந்தால் இரண்டு ஓட்டங்கள் ஒத்தவையாகும் என்பதை 1851 கட்டுரையிலேயே ஸ்டோக்ஸ் எழுதிவிட்டார். ரெனால்ட்ஸின் பெயரை 1908-இல் சொம்மர்ஃபெல்ட் சூட்டினார். போகட்டும், ஸ்டோக்ஸ் பெயரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

வரிச்சீர்:

அதே கட்டுரையில் முரண் ஒன்றும் உண்டு. கோளத்துக்குப் பதில் நீண்ட உருளையை எடுத்து, நிலைமத்தைப் புறக்கணித்து, சீரான ஓட்டத்துக்குத் தீர்வு தேடினால் கிடைக்காது. உருளை இழுத்துச் செல்லும் திரவத்தின் அளவு கூடிக்கொண்டே போகும், நிலைபெறாது என்று அவரே விளக்கினார். உருளைக்கு அருகில் நிலைமம் சிறிதுதான், ஆனால் போதுமான தொலைவு போனால் பாகுநிலை விசை அதைவிடச் சிறுத்துவிடும். ஓசீன் 1910-இல் தொலைவில் உள்ள நிலைமத்தைச் சேர்த்தார். கோளத்துக்கு அவர் தந்த திருத்தம்: ஸ்டோக்ஸ் இழுவையை (1 + ரெனால்டு எண்ணில் பதினாறில் மூன்று பங்கு) ஆல் பெருக்குங்கள். ரெனால்டு எண் அரை வரை நம்பலாம். உங்கள் கால் அங்குலக் குண்டுக்கு இதைப் போட்டால் 56 சதவீதம் என்று மிகையாகச் சொல்லும்.

அலைமுகடு:

எல்லோரும் பாகுநிலையிலேயே நிற்கிறீர்கள். ஸ்டோக்ஸின் 1847 அலைக் கட்டுரையில் பாகுநிலையே இல்லை, அதுதான் கடல் பொறியியலில் இன்றும் தினசரிப் புழக்கம்.

சிறிய அலை சைன் வளைவு. உயரம் கூடினால் முகடு கூர்மையாகும், பள்ளம் தட்டையாகும், வேகமும் சற்றே கூடும். நீர்த்துகள் மூடிய வட்டத்தில் சுற்றி வந்த இடத்துக்கே திரும்பாது, ஒவ்வொரு சுற்றிலும் அலை போகும் திசையில் கொஞ்சம் நகர்ந்துவிடும். 50 மீட்டர் அலைநீளம், முகட்டிலிருந்து பள்ளம் வரை 1 மீட்டர் உயரம் என்றால், ஆழ்கடலில் அலை நொடிக்கு 8.8 மீட்டர் ஓடும், மேற்பரப்பு நீர் நொடிக்கு 3.5 செ.மீ. நகரும். 5 மீட்டர் ஆழத்தில் அது 1 செ.மீ. ஆகிவிடும். சிறிதாகத் தோன்றும். மேற்பரப்பு நகர்வை ஒரு நாளுக்குப் பெருக்கினால் 3 கிலோமீட்டர். கடலில் சிந்திய எண்ணெய் எங்கே ஒதுங்கும் என்று கணிப்பவர்கள் இதை விட்டுவிட முடியாது.

உடைவதற்கு முந்திய உச்ச அலையின் முகடு 120 டிகிரி கோணத்தில் இருக்கும் என்று 1880-இல் வாதிட்டார். முழுமையான நிறுவல் 1982-இல்தான் வந்தது, ஆமிக், ஃபிராங்கெல், டோலண்ட் மூவரும் சேர்ந்து.

நாவியர்பக்கம்:

1854-க்குப் பிறகு அவர் வேகம் குறைந்தது கண்கூடு. ராயல் சொசைட்டியின் செயலாளராக 31 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டுகள் தலைவர், நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வேறு. மற்றவர்கள் கட்டுரைகளைத் திருத்தியே ஆயுள் போயிற்று.

ஊசல்குண்டு:

1857-இல் திருமணம் செய்ததால் பெம்புரோக் கல்லூரியின் உறுப்பினர் பதவியும் போயிற்று, அன்றைய விதி அப்படி. விதி மாறிய பிறகு திரும்பப் பெற்றார். திருத்திய கட்டுரைகளையும் சும்மா சொல்லாதீர்கள், அந்தக் காலத்து பிரிட்டிஷ் இயற்பியலில் பாதிக்கு அவர் பேனா பட்டிருக்கும். ஆனாலும் இழப்பு இழப்புதான்.

கண்ணாடிக்குழாய்:

2 மி.மீ. குண்டுகள் கிடைத்தன. உருளை பழையதுதான். மேலே 10 செ.மீ. விட்டுத்தான் அளக்க வேண்டும், அதற்குள்தான் முற்றுத் திசைவேகம் (இனி கூடாமல் நிலைபெறும் வேகம்) வரும் என்கிறார்கள். எண்ணெய் உயரம் 40 செ.மீ.தான் இருக்கிறது, எவ்வளவு விடலாம்?

வரிச்சீர்:

முற்றுத் திசைவேகத்துக்கு 10 செ.மீ. தேவையே இல்லை. 2 மி.மீ. எஃகுக் குண்டுக்கு இந்த எண்ணெயில் வேகம் நிலைபெறும் கால அளவு 4 மில்லிநொடி. ஒரு மி.மீ. இறங்குவதற்குள் ஏறக்குறைய முழு வேகத்தை எட்டிவிடும். மேலே இடம் விடுவதற்கான காரணங்கள் வேறு: எண்ணெயின் மேற்பரப்பு, விடும்போது ஒட்டிவரும் காற்றுக் குமிழி, குண்டு பக்கவாட்டில் நகர்வது. 6 செ.மீ. விடுங்கள். அடியிலும் 6 செ.மீ. விடுங்கள், தரை நெருங்கினால் குண்டு தயங்கும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை. எண்ணெயை முந்தின நாள் இரவே ஊற்றிவையுங்கள், குமிழி அடங்கட்டும். குண்டுகளில் துரு, கிரீஸ் இருந்தால் துடைத்து, சிறு கிண்ணத்தில் அதே எண்ணெயில் நனைத்து, இடுக்கியால் எடுத்து, மேற்பரப்புக்குக் கீழே நடுவில் விடுங்கள். காய்ந்த குண்டை மேலிருந்து போட்டால் குமிழியோடு இறங்கும், வேகம் குறையும். 20 குண்டுகளைச் சேர்த்து எடை போட்டு அடர்த்தி காணுங்கள். விட்டத்தைத் திருகு அளவியில் மூன்று திசையில் எடுங்கள், சமன்பாட்டில் ஆரத்தின் வர்க்கம் வருவதால் விட்டத்தில் 1 சதவீதம் தப்பினால் விடையில் 2 சதவீதம் தப்பும். அளவுக் கோடுகளுக்கு நூலைச் சுற்றிலும் கட்டுங்கள், முன் நூலும் பின் நூலும் ஒன்றாகத் தெரியும்போது கண் சரியான மட்டத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம் வெப்பநிலை. விளக்கெண்ணெய் 20 டிகிரியில் 0.99, 30-இல் 0.45, 40-இல் 0.23. ஒரு டிகிரிக்கு 7 சதவீதம். அறையின் வெப்பநிலையைக் குறித்துவைத்தால் போதாது, எண்ணெய்க்குள் வெப்பமானியை விடுங்கள், மேலும் கீழும். உருளையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

குழாய்க்கணக்கு:

சுவர்த் திருத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது. லாடன்பர்க் திருத்தம்: அளந்த வேகத்தை (1 + 2.4 × குண்டின் ஆரம் ÷ உருளையின் ஆரம்) ஆல் பெருக்க வேண்டும். சில கையேடுகளில் மேலே ஆரம், கீழே விட்டம் என்று அச்சாகியிருக்கும். அப்படிப் போட்டால் திருத்தம் பாதியாகிவிடும். விகிதம்தானே, இரண்டும் ஆரமாகவோ இரண்டும் விட்டமாகவோ இருந்தால் சரி. உங்களுக்கு 2 ÷ 50, ஆக 1.096. அடித்தரைக்கு இன்னொன்று: 1 + 3.3 × குண்டின் ஆரம் ÷ எண்ணெயின் உயரம். 40 செ.மீ. உயரத்துக்கு அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

வரிச்சீர் முன்பு சொன்னதற்கு ஒரு சேர்க்கை: பெரிய குண்டுக்கு நிலைமத் திருத்தத்தையும் சுவர்த் திருத்தத்தையும் தனித்தனியே கணக்கிட்டு அப்படியே பெருக்காதீர்கள். ரெனால்டு எண் கூடக்கூடச் சுவரின் பிடி தளரும், பெருக்கினால் மிகையாகும்.

கண்ணாடிக்குழாய்:

2 மி.மீ. குண்டுகள் பத்து விட்டாயிற்று. எண்ணெய் 30 டிகிரி, சராசரி 6.8 நொடி. திருத்தாமல் 0.51, திருத்திய பின் 0.45. எண்ணெயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்! அடுத்து கிளிசரினில் செய்யலாமா?

வரிச்சீர்:

செய்யலாம், திறந்து வைக்காதீர்கள். கிளிசரின் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். 20 டிகிரியில் சுத்தமான கிளிசரின் 1.41. ஒரு சதவீதம் நீர் சேர்ந்தால் 1.15. ஐந்து சதவீதம் சேர்ந்தால் 0.52. மழைக்காலத்தில் திறந்த உருளையில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளந்தால், நீங்கள் அளப்பது கிளிசரினை அல்ல. குமிழி அடங்க வைக்கும்போது வாயை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுங்கள், குண்டு விடும் நேரத்துக்கு மட்டும் திறந்தால் போதும்.